ஐயாற்று நாட்டில் நெல்

பஞ்சாப் என்னும் பெயருக்கு ஐந்து ஆறுகள் பாயும் நாடு என்பது பொருள். திருவையாற்றை அறிந்த தமிழருக்கு இப்பெயர் அயலாகத் தோன்றாது. ஆயினும், ஐயாறு என்றதும் நம் மனக்கண்ணில் விரியும் நெல்வயல் அந்நாட்டின் பழைய காட்சியன்று. கோதுமையும் மக்காச்சோளமும் கம்பும் கொண்டைக்கடலையுமே அங்குப் பெரிதும் விளைந்தன. குளிர்காலத்தில் கடுகுக் கீரையோடு மக்காச்சோள ரொட்டி உண்பது அம்மக்களின் மரபு. இன்றைய எல்லைக்குட்பட்ட பஞ்சாபில், 1960-61இல் நெல் விளைந்த நிலம் ஏறத்தாழ 2.3 இலட்சம் ஹெக்டர். பருப்பு வகைகள் விளைந்ததோ சுமார் 9 இலட்சம் ஹெக்டர். இன்று நெல் 30 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. பருப்பு பெயரளவிலேயே எஞ்சியுள்ளது.

இம்மாற்றத்திற்கு நாவின் சுவை காரணமன்று. பஞ்சாபியர் இன்றும் ரொட்டி உண்பவரே. விலையே காரணமாகும். அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நின்ற இந்திய அரசு, 1965இல் வேளாண் விலைக் குழுவையும் இந்திய உணவுக் கழகத்தையும் நிறுவியது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்திறங்கியது. பஞ்சத்தின் வாயிலில் நின்றவர்கள் எடுத்த முடிவை, வயிறு நிறைந்த நாம் எளிதில் பழித்தல் நேர்மையாகாது. ஆனால், காலப்போக்கில் இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கப்பட்டபோதும், அரசு பஞ்சாபில் பெருமளவில் கொள்முதல் செய்தவை கோதுமையும் நெல்லுமே. வாங்குவாரற்ற பருப்பை எந்த உழவர் விதைப்பார்?

உரத்திற்கு மானியம் கிடைத்தது. 1997இல் உழவர்க்கு மின்சாரமும் இலவசமாயிற்று. இறைக்கும் நீருக்குச் செலவில்லை என்றானபின், நீர் மிகுதியாக வேண்டும் நெல்லை விடுவதற்குக் காரணமும் இல்லாது போயிற்று. நிலத்தடி நீர் ஆண்டுதோறும் தாழ்ந்தது. அதனைக் காக்க 2009இல் இயற்றப்பட்ட சட்டம், ஜூன் 10க்கு முன் நாற்று நடுவதைத் தடுத்தது. நடவு தள்ளிப்போக, அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுப்பதற்கும் கோதுமை விதைப்பதற்கும் இடையே சில வாரங்களே எஞ்சின. தாளை அகற்ற நேரமற்ற உழவர் வயலிலேயே தீயிட்டனர். டில்லி மக்களின் மூச்சை அடைக்கும் இலையுதிர்காலப் புகையில் அத்தாளின் புகையும் கலந்திருக்கிறது.

அந்நெல், அரிசியாகி நியாய விலைக் கடைகளுக்குச் சென்றது. தமிழகத்தின் புன்செய்ச் சிற்றூர்களில் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் அன்றாட உணவாயிருக்க, நெற்சோறு திருநாளுக்கு உரியதாய் இருந்த காலமுண்டு. மலிவு அரிசி அந்த வரிசையைப் புரட்டியது. 2011 ஜூன் முதல் அட்டைக்கு அரிசி இலவசமாகவே வழங்கப்பட்டது. ஏழையின் வீட்டிலும் நாள்தோறும் சோறு பொங்கியது சிறிய பேறன்று. ஆனால் அடுப்படியிலிருந்து கேழ்வரகு மெல்ல விலகியது. அதனோடு அதன் சுண்ணாம்புச் சத்தும் விலகியது. இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் அவை 2023ஐ அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டிலும் பஞ்சாபில் 30 இலட்சம் ஹெக்டருக்கு மேல் நெல்லே நின்றது.