கிடை ஆட்டின் புழுவும் ஈயோசின் சாயமும்

பிசான அறுவடை முடிந்த பிறகு சேரன்மாதேவியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையோரம் சென்று பாருங்கள். அரிதாள் நிற்கும் வயல்களில் செம்மறியாட்டுக் கிடைகளைக் காண்பீர்கள். இரவெல்லாம் ஆடுகள் வயலிலேயே அடைந்து கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் உரமாகும். ஆட்டெரு அந்த வருஷமே பலன் தரும், மாட்டெரு மறுவருஷந்தான் என்பது நம் உழவர்களின் கணக்கு. அந்தப் புழுக்கையில் மருத்துவ வரலாற்றின் ஒரு பக்கமும் இருக்கிறது.

ஜி.எம். ஜைல்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். அசாமைப் பாழாக்கிய காலா அசார் நோயை ஆராய்ந்த அவர், அதற்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று 1890-இல் அறிக்கை எழுதினார். அது தவறு. உண்மைக் கிருமியை 1903-இல் இங்கிலாந்தில் லீஷ்மனும் நம் சென்னையில் டோனவனும் வெளிப்படுத்தினர். ஆனால் புழு தேடிய ஜைல்ஸின் உழைப்பு வீணாகவில்லை. செம்மறியாட்டில் கண்ட, மயிர் போன்ற ஒரு புழுவை 1892-இல் அவர் விவரித்தார். ஒரு சென்டிமீட்டர் நீளங்கூட இல்லாத அதன் இன்றைய பெயர் ட்ரைக்கோஸ்ட்ராஞ்சிலஸ் கொலுப்ரிஃபார்மிஸ். பின்பாதிக்குப் பாம்பு வடிவானது என்று பொருள்.

மூன்றாண்டுகள் கழித்து எகிப்தில் ஆர்தர் லூஸ் இதே புழுவை மனிதக் குடலில் கண்டார். அவர் வைத்த பெயர் வேறு. இரண்டும் ஒன்றே என்பது பிற்பாடுதான் தெளிந்தது. ஆட்டின் புழு மனிதனுக்கும் வரும்!

புழுக்கள் சிலவே இருந்தால் நோயாளி எதையும் உணர்வதில்லை. பெருகினால் வயிற்றுவலி, கழிச்சல், பசியின்மை, உடல் மெலிவு, சில சமயம் சோகை. மலத்தைச் சோதித்தால் முட்டை தெரியும். சங்கடம் இங்கேதான். கொக்கிப்புழுவின் முட்டையும் ஏறத்தாழ இப்படியே இருக்கும். அது சுமார் 60 மைக்ரான் நீளம். ஆட்டுப் புழுவின் முட்டை 75 முதல் 95 மைக்ரான் வரை, ஒரு முனை சற்றுக் கூர்மை. நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லையில் அளவுகோல் வைத்துப் பாராவிட்டால் ஏமாந்துபோவோம். பௌதிகம் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளவுப் பிழை மதிப்பெண்ணோடு போய்விடும். இங்கே நோயாளி பெறும் அறிவுரையே மாறிவிடுகிறது. கொக்கிப்புழு பாதத்தைத் துளைத்து ஏறுவது. அதற்குச் செருப்பு காவல். ஆட்டுப் புழுவோ வாய் வழியாக, பச்சை இலையோடு நுழைவது. அதற்குச் செருப்பு என்ன செய்யும்?

இனி இரத்தத்துக்கு வருவோம். 1879-இல் ஜெர்மனியின் பால் எர்லிக், தார்ச் சாயமான ஈயோசினை இரத்தத் துளியில் இட்டபோது, சில வெள்ளணுக்களின் மணிகள் மட்டும் செக்கச் சிவந்தன. அவற்றுக்கு ஈயோசினோபில் என்று பெயர் வந்தது. சாயத்தை விரும்பும் அணு என்று பொருள். விருப்பம் என்ன, மின்னூட்டந்தான்! சாயம் எதிர்மின் தன்மையுடையது. மணிகளில் உள்ள புரதம் நேர்மின் தன்மையுடையது. ஒன்றையொன்று இழுக்கின்றன. (இதே சாயத்தை நீர்த்த கரைசலாக்கி வெயிலில் பிடித்தால் பச்சையாக ஒளிரும். மாணவர்கள் செய்து பார்க்கலாம்.)

நலமாக உள்ளவரின் நூறு வெள்ளணுக்களில் இவை ஆறுக்கு மிகா. 1896-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தாமஸ் பிரவுன் என்ற இளைஞர், பன்றியிறைச்சி மூலம் வரும் ட்ரைக்கினா புழு தாக்கிய ஒருவரின் இரத்தத்தில் இவை பாதிக்கு மேல் பெருகியிருக்கக் கண்டார். ஆட்டுப் புழு தொற்றிய சிலரிடமும் அப்படியே. ஆஸ்துமா, ஒவ்வாமை ஆகியவற்றிலும் இவ்வணு கூடுவதால் எண்ணிக்கையை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. ஆனாலும் புழுவைத் தேடு என்று டாக்டருக்கு அது சாடை காட்டுகிறது.

ஏன் பெருகுகின்றன? இதற்கு விடை வெகுகாலம் கிடைக்கவில்லை. 1973-இல் கிளைச் என்பவரும் அவருடைய குழுவினரும் அம்மணியின் தலையாய புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அது புழுக்குஞ்சின் தோலைச் சிதைக்க வல்லது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. எர்லிக்கின் சாயத்தை இழுத்த அதே நேர்மின் புரதந்தான் ஆயுதம்! அந்த ஆயுதம் நம் சொந்தத் திசுவையும் புண்படுத்தக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இது பழங்கதை அன்று. 2006-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில், நகர்ப்புறத்தில் ஆடு வளர்த்தவர்களுக்கு வயிற்றுவலியும் ஈயோசினோபில் மிகுதியும் கண்ட செய்தி வெளியாயிற்று. ஆட்டெருவைக் காய்கறித் தோட்டத்துக்கு இட்டிருந்தார்கள்.

அப்படியானால் நம் கிடை வயல்? நெல்லைப் பற்றிக் கவலை இல்லை. சோறு வெந்துதான் இலைக்கு வருகிறது. பச்சையாகத் தின்னும் இலைகள்தான் கவனிக்க வேண்டியவை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, இலைமேல் படரும் மெல்லிய நீர்ப்படலத்தில் நெளிந்து ஏறும். வெயிலில் காய்ந்தாலும் உடனே சாகாது. ஈரம் பட்டதும் மீண்டும் நெளியும். குவித்து மக்கவைத்த எருவின் உட்சூட்டையும் கொதிக்கும் கீரைச் சட்டியையும் மட்டும் அதனால் தாங்க முடியாது.