கோட்டையின் கணக்கேடு

ஊருக்கு ஊர் தலபுராணம் உண்டு நம் நாட்டில். ஆற்றில் மிதந்து வந்த சிலை, கனவில் தோன்றிய கடவுள், பசு பால் சொரிந்த புற்று! இவையின்றி ஓர் ஊர் பிறந்தது எனக் கூறப் புராணிகர்க்கு மனம் வருவதில்லை. சென்னைக்கும் கோயில்கள் உண்டு, கதைகள் உண்டு. ஆனால் அந்நகர் வளர்ந்த கதை கணக்கேட்டில் இருக்கிறது. துணி வாங்க இடம் தேடிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1639-இல் மதராசபட்டினம் கிடைத்தது; மறு ஆண்டு கோட்டை எழத் தொடங்கியது. கோட்டையின் ஆலோசனைச் சபை எழுதிவைத்த பழைய ஏடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பல தொகுதிகள் அச்சேறியும் உள்ளன. புராணம் படிக்கும் பொறுமையில் பாதி இருந்தால் போதும், அவற்றைப் படித்துவிடலாம்.

அந்த ஏடுகள் காட்டும் வாணிபம் எப்படி நடந்தது? கம்பெனி நெசவாளியைத் தேடிப் போகவில்லை. தலைமை வணிகரிடம் முன்பணம் கொடுத்தது. அவர் தரகரிடம் கொடுத்தார். தரகர் கையிலிருந்து எஞ்சியது தறிக்கு வந்து சேர்ந்தது. நெய்த துணி கோட்டைக் கிடங்குக்கு வந்ததும் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தனர். நீளம் குறைந்ததா, விலை வெட்டு! இழை தளர்ந்ததா, விலை வெட்டு! வணிகரிடம் விழுந்த வெட்டு, படிப்படியாக இறங்கித் தறிக்குழியில் முடிந்தது. இலண்டனில் எந்தத் துணிக்கு என்ன கிராக்கி என்பதை ஏடு விரித்துரைக்கும். வணிகரின் பெயரையும் மரியாதையோடு கூறும். நெய்தவனோ பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நிற்கிறான்.

பெயர் பெற்ற வணிகருள் ஒருவர் காசி வீரண்ணா. கம்பெனியின் தலைமை வணிகர், செல்வாக்கு மிக்கவர். 1680-இல் அவர் இறந்தார். அவருடைய மனைவியருள் ஒருத்தி உடன்கட்டை ஏற இருந்ததைக் கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் தடுத்தார். நகரின் முதற் பெருவணிகர் வீட்டிலேயே பெண்ணின் நிலை இது! ஒருத்தி பிழைத்தாள், மகிழ்கிறோம். ஆனால் சென்னை மாகாணத்தில் உடன்கட்டையைத் தடுக்கும் சட்டம் வந்தது 1830-இல்தான்.

வெள்ளையரின் கருணையை வியந்துவிட வேண்டாம். ஏழே ஆண்டுகள் கழிந்தன. பஞ்சத்தில் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற ஏழைகள் இதே துறைமுகத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1687-இல் ஒரே மாதத்தில் 665 பேர்! துணிப்பொதியை எண்ணிய அதே பேனா மனிதரையும் எண்ணியது. மறு ஆண்டு அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்ததே, அது அறத்தால் வந்ததன்று. கோல்கொண்டாவை வென்று இப்பகுதிக்கு உரிமையாளராகிவிட்ட மொகலாயரின் எதிர்ப்புக்கு அஞ்சி வந்தது.

சாதியிடம் கம்பெனி நடந்துகொண்ட விதமும் இத்தகையதே. 1707-இல் வலங்கையார்க்கும் இடங்கையார்க்கும் தெருச் சண்டை மூண்டது. எதற்காக? எந்தத் தெருவில் எவருடைய திருமண ஊர்வலம் போவது என்பதற்காக! வலங்கையார் பலர் நகரை விட்டுச் சாந்தோமுக்கு வெளியேறினர், வேலை நின்றது. கவர்னர் தாமஸ் பிட் என்ன செய்தார்? பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையார்க்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கையார்க்கு எனப் பங்கிட்டார். தெருக்களுக்கிடையே எல்லை வகுத்து, சாதிக்கு நகர வரைபடத்தில் நிலையான இடம் தந்தார். சண்டையை ஓயச் செய்வது நோக்கம். சரக்குக் கப்பலேற வேண்டுமே!

இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1734-இல், நெசவாளரை அருகிலேயே குடியேற்றத் திட்டமிட்டது கம்பெனி. கூவம் வளைந்தோடும் இடத்தில், முன்னாள் தலைமை வணிகர் சுங்குராமரின் தோட்டம் இருந்தது. அதைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அங்கு எழுந்தது சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே மருவிற்று என்பர். யார் யார் குடியேறலாம் என்ற ஒழுங்கைப் படித்துப் பாருங்கள், தோழர்களே! நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர், சாயமிடுவோர். சரி, துணித்தொழிலுக்கு இவர்கள் வேண்டியவர்களே. அடுத்து வருகிறார்கள் பார்ப்பனர், கோயிலைச் சார்ந்த நடனப் பெண்கள், கோயிலுக்கு வேண்டிய பிற பணியாளர்!

நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே இவர்களுக்கு என்ன வேலை? கோயில் இருந்தால் நெசவாளர் ஊரை விட்டு நகரமாட்டார்கள் எனக் கணக்கிட்டிருக்க வேண்டும் அந்த வியாபாரிகள். எனவே குலத்தொழில் என்னும் பெயரால் பெண்ணைக் கோயிலுக்குக் கட்டிவைத்த வழக்கத்தையும் புதிய பேட்டையின் ஒழுங்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அந்த வழக்கத்தை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியார் சட்டமன்றத்திலும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்றும் போராட வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் அதற்கு முழுத் தடைச் சட்டம் வந்த ஆண்டு 1947. பேட்டைக்கு அப்போது வயது 213.