கடைசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள்

போடிக்கு ரயில் வந்தது 1928-ல். மூணாறுத் தேயிலை, மலைமேல் டாப் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடி வழியாக வெளியூர் போன காலம் அது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்; ஐம்பதுகளில் மறுபடியும் போட்டார்கள். மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர் வந்ததும், மலை குறுக்கே நிற்பதால் பாதை இங்கே முடிந்துவிடுகிறது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் ரயிலேறியவர்களும் இங்கேதான் இறங்கியாக வேண்டும்.

நான் ஏலக்காய் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவன். பங்குக் கோவிலில் வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினன். போடியின் சரித்திரம் என்றால் ஜமீனைச் சொல்வார்கள், ஏலக்காய் ஏலத்தைச் சொல்வார்கள். கடைத் திண்ணைகளில் படுத்துக் கிடந்தவர்களையும், ராத்திரியில் அவர்களைத் தேடிப் போனவர்களையும் யாரும் எழுதுவதில்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் ஒரு பங்குதான். நான் பார்த்தவரை, அதைவிட அதிகம் பேர் மலையிலிருந்து இறங்குகிறவர்கள். போடி, கம்பம், உத்தமபாளையம், கோம்பை என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஏலக்காட்டுக்கு ஆள் போகிறது. தினம் ஜீப்பில் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. லயத்து அறை, வேலை இருக்கும் வரைதான். முதுகு வளைந்து, காய் எடுக்கக் குனிய முடியாமல் போனால் அறையை விட வேண்டும். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது மலைமேல் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடே நின்றன. போடிமெட்டு எல்லையாகவே நிலைத்தது. மேலே வேர்வை சிந்தியவனுக்கு ரேஷன் கார்டு கீழே, வேலைக்கான அத்தாட்சி மேலே. நாற்பது வருஷம் காட்டில் கிடந்துவிட்டு 17 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஊர் வந்து சேரும்போது, சொந்த வீட்டில் தம்பி பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி இடம் நிரம்பியிருக்கும். பிறகு பஸ் ஸ்டாண்டுதான்.

எங்கள் சபையைத் தொடங்கியவர்கள் பாரிஸ் நகரத்துக் கல்லூரி மாணவர்கள். அதில் முக்கியமானவர் பிரெடெரிக் ஓசானாம். 1833 ஏப்ரலில் முதல் கூட்டம் நடந்தபோது அவருக்கு வயது 20. அதற்கு முந்தின வருஷம் காலரா அந்த நகரத்தைச் சூறையாடியிருந்தது. ஒரு விவாதத்தில் சக மாணவர்கள், உங்கள் திருச்சபை ஏழைகளுக்கு இன்று என்ன செய்கிறது என்று மடக்கினார்கள். வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று ஓசானாமும் ஒரு நண்பரும் தங்களிடம் மிஞ்சியிருந்த குளிர்கால விறகை ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யாரைப் பார்ப்பது, எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுத்தவர் அந்தச் சேரிகளை அறிந்திருந்த ரொசாலி ரன்டூ என்ற கன்னியாஸ்திரி. 1997-ல் ஓசானாமுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிவது, அவர் கல்யாணமாகிக் குழந்தை பெற்ற, சம்பளத்துக்கு வேலை பார்த்த பேராசிரியர் என்பதுதான். துறவிகள்தான் இதைச் செய்ய முடியும் என்ற சாக்கு அவரோடு செத்துப் போயிற்று.

அந்தப் பழைய வழக்கங்கள் இன்றும் எங்களிடம் அப்படியே இருக்கின்றன. வாராவாரம் கூட்டம். முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். நூறு ரூபாய் போட்டவர் யார், ஒன்றும் போட முடியாதவர் யார் என்று யாருக்கும் தெரியாது. உதவிக்கு சாதி, மதம் கேட்கக் கூடாது என்பது சபை விதி.

இந்த மலையில் தெருவில் கிடப்பவர்களைத் தேடும் வேலைக்கு இன்னொரு கிளையும் உண்டு. அது ஸ்பெயின் நாட்டுக் கிரானாடாவிலிருந்து வந்தது. போர்ச்சுகலில் 1495-ல் பிறந்து, ஆடு மேய்த்து, பட்டாளத்தில் இருந்து, கடைசியில் கிரானாடாவில் புத்தகம் விற்றவர் இறைவனின் புனித யோவான். ஒரு பிரசங்கம் கேட்டு அவர் தெருவில் புரண்டு அழுததைப் பார்த்துப் பைத்தியம் என்று அடைத்தார்கள். அந்நாளில் வைத்தியம் என்றால் சவுக்கடி. வெளியே வந்ததும் அவர் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, தெருவில் கிடந்த நோயாளிகளைத் தோளில் தூக்கிவந்து படுக்க வைத்தார். 1550-ல் இறந்தார். அவர் வழியில் உருவான துறவுச் சபையைச் சேர்ந்தவர்தான் பெர்லினில் 1918-ல் பிறந்த பிரதர் ஃபோர்ச்சுனாட்டஸ்.

1969-ல் அவர் கட்டப்பனைக்கு வந்தார். ஏலமலைக்கு நடுவே, அன்றைக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் அபூர்வமான இடம். சிறு மருந்தகமாக ஆரம்பித்த வேலை செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையாக வளர்ந்தது. கைவிடப்பட்டவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1977-ல் இதே பணிக்காகக் கன்னியர் சபை ஒன்றையும் தொடங்கினார். 2005 நவம்பர் 21-ல் இறந்தார். அவரைப் புனிதராக்கும் பணி 2014-ல் தொடங்கியிருக்கிறது. அவர் குருவானவர் அல்லர், பூசை வைக்கும் அதிகாரம் இல்லாத சகோதரர். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வேலைக்குத் தேவையானது பிரசங்க பீடம் அல்ல. கை கூசாமல் ஒரு புண்ணைத் தொடத் தெரிவது.

புண் என்றால் என்ன புண் என்று சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பூட்டிய கடை வாசலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். சாக்கால் சுற்றிய கணுக்கால். கிட்டே போனதுமே நாற்றம் காட்டிக்கொடுத்துவிட்டது. எங்களோடு வரும் முடிவெட்டும் தம்பி முதலில் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"தாத்தா, டீ குடிக்கிறீங்களா?"

பதில் இல்லை.

"எந்தக் காட்டுல வேலை பார்த்தீங்க தாத்தா?"

அதற்குத் தலை நிமிர்ந்தது. "கங்காணிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார். அவ்வளவுதான்.

சாக்கு காலோடு ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் பிரித்தோம். உள்ளே புழு. பஞ்சை டர்பன்டைனில் நனைத்து வைத்தால் அவை மூச்சுமுட்டி மேலே வரும், சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதி உள்ளே தங்கிவிடும். தம்பி மறுபக்கம் சடை பிடித்த முடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். சீப்பு நுழையாத முடி அது, தோலோடு ஒட்டிய இடத்தில் கத்தரியைப் படுக்க வைத்து நறுக்க வேண்டும். தாடி போனதும் அந்த முகம் அறுபதைக்கூடத் தாண்டியிராது என்று தெரிந்தது. தாத்தா என்று அழைத்ததை அப்போதே நிறுத்தி, 'அண்ணே' என்று மாற்றிக்கொண்டான் தம்பி.

பிறகு அவருடைய சொந்தக்காரர்களைத் தேடி ஜீப் ஸ்டாண்டுக்குப் போனோம். எந்தத் தோட்டத்தில் யார் கங்காணி, எந்த லயத்தில் யார் குடியிருந்தார்கள் என்பதெல்லாம் ஜீப் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். செல்போனில் எடுத்த படம் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் வரை போனது. இரண்டாம் நாளே ஒருவர் அடையாளம் சொன்னார். அக்காள் மகன் ஒருவன் உத்தமபாளையம் பக்கம் இருந்தான், வந்து கூட்டிப் போனான். எல்லாருக்கும் இப்படி அக்காள் மகன் கிடைப்பதில்லை.

இதில் ஜெபம் எங்கே என்று எங்கள் பங்கிலேயே கேட்டவர்கள் உண்டு. மதம் மாற்றத்தான் இதெல்லாம் என்று வெளியே சொன்னவர்களும் உண்டு. இரு சாராருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: ஒரு நாள் ராத்திரி எங்களோடு வாருங்கள். பரமசிவன் மலைத் திருவிழாவுக்குச் சோறு போடுகிற ஒருவர் அப்படி வந்து, இன்றும் எங்கள் கூட்டத்துக்குப் பாத்திரமும் அடுப்பும் தருகிறார்.

தெருவில் கிடப்பவர்களில் மனம் பிசகியவர்களும் உண்டு. முன்பெல்லாம் அவர்களைப் பார்த்தால் சங்கிலி இருக்கிற இடம் எது என்றுதான் கேட்பார்கள். 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதி தீப்பிடித்து, கட்டிப்போட்டிருந்தவர்கள் கருகிச் செத்த பிறகு நாடே அதிர்ந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு இப்போது தெளிவாகச் சொல்கிறது: தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இந்தப் பிரிவை நான் தமிழில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் அதைக் காட்டி, க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யச் சொல்வோம்.

ராத்திரி தங்கும் இடம்தான் தீராத பிரச்சினை. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்பது 2010-ல் உச்ச நீதிமன்றம் நகரங்களுக்குச் சொன்ன கணக்கு. 2011 கணக்கெடுப்பில் போடி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 75,000. கணக்கில் தவறிவிடுகிறோம். இதற்கிடையே, அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில் 2023 ஜூன் 15-ல் திரும்பி வந்தது. சென்னையிலிருந்து நேராக வண்டி வருகிறது. அதிலும் ஊர் பேர் தெரியாமல் இறங்குகிறவர்களைப் பார்க்கிறோம்.

போடியையும் சின்னமனூரையும் உத்தமபாளையத்தையும் சேர்த்தால் லட்சம் தாண்டும் என்று காட்டி, காப்பகம் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். பெரிய கட்டடம் கேட்கவில்லை. பெண்களுக்குத் தனி அறை, வெந்நீர் வரும் குளியலறை, தம்பி நாற்காலி போட்டு முடிவெட்ட வெளிச்சமான ஒரு மூலை, வந்தவரின் படத்தையும் அவர் சொன்ன தோட்டத்தின் பெயரையும் எழுதி வைக்க ஒரு பேரேடு. பேரேட்டை நானே எழுதுகிறேன் என்று மனுவில் சேர்த்திருக்கிறேன்.