நான்கு இடம் மாறிய விளக்கு

கலங்கரை விளக்கம் என்னும் சொல்லுக்குக் கரையில் நிற்கும் விளக்கு என்றே பலரும் பொருள் கொள்கிறோம். ஆனால் கரைதல் என்பதற்கு அழைத்தல் என்றும் பொருளுண்டு. காக்கை கரைகிறது என்கிறோம் அல்லவா? கலங்களை அழைக்கும் விளக்கு என்பதே முன்னோர் கருதியது. பூம்புகாரில் அத்தகையதொரு விளக்கம் இருந்ததைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. சென்னைக் கடற்கரையில் அந்த அழைப்பு 1796 முதல் இன்றுவரை நான்கு இடங்களிலிருந்து எழுந்துள்ளது. நான்கையும் ஒரே நாளில் படம்பிடித்துவிட வேண்டும் என்னும் ஆவலில், ஞாயிறு முதல் திருப்பலி முடிந்த கையோடு ஒளிப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

புனித ஜார்ஜ் கோட்டையில்தான் தொடக்கம். கோட்டை அருங்காட்சியகம் இயங்கும் மாளிகையில் அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர்கள் கூடிப் பேரம் பேசினர். அதன் கூரைமேல் 1796-இல் தேங்காயெண்ணெய் விளக்கை ஏற்றினார்கள். இன்று அங்கே விளக்கின் சுவடு ஏதுமில்லை. நாம் எடுத்த படத்தில் ஒரு பழைய மாளிகை மட்டுமே இருக்கிறது. சொன்னாலன்றி அது ஒளிவீசிய கூரை என்று எவரும் அறியார்.

அந்த விளக்கு அழைத்த கப்பல்கள் கரைக்கு வந்தனவா என்றால், இல்லை. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து கரைவரை கொந்தளிக்கும் அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்து சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். விளக்கு வழிகாட்டியது, கடைசிச் சிறு தொலைவைக் கடத்தியவை நம் மக்களின் தோள்கள். ஆளுநர்களும் ஆயர்களும் அவர்களை நம்பியே கரையேறினார்கள். அந்தப் படகோட்டிகளில் கத்தோலிக்கர் பலர். புனித இராயப்பர் பெயரால் ஆலயம் எழுப்பியவர்கள் அவர்களே. இராயபுரம் என்ற பெயரும் அந்த இராயப்பரால் வந்ததே. விளக்குகளின் வரலாற்றை எழுதியோர் இந்தத் தோள்களைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர் என்பது நம் மனக்குறை.

கோட்டை விளக்கின் உயரம் போதாதென்று, பொறியாளர் கேப்டன் ஸ்மித் வரைந்த திட்டப்படி, கோட்டைக்கு வடக்கே 125 அடி உயரக் கருங்கல் தூணொன்றை எழுப்பினார்கள். 1838-இல் தொடங்கிய பணி நிறைவுற்று, 1844-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் விளக்கு ஏற்றப்பட்டது. இன்று அந்தத் தூண் உயர்நீதிமன்ற வளாகத்துள் நிற்கிறது. உள்ளே படமெடுக்க இசைவு வேண்டும். நாம் மதிலுக்கு வெளியே நின்று, மரக்கிளைகளுக்கு மேலே தெரிந்த பகுதியை மட்டும் எடுத்தோம். கிரேக்கப் பாணியிலான தூண், மேலே செல்லச் செல்ல மெலிகிறது. ஐம்பதாண்டுகள் கப்பல்களை அழைத்துவிட்டு ஓய்ந்துபோனது.

ஓய்வு தந்தது அண்டை வீட்டுக்காரர்தான். 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடம் தூணைவிட ஓங்கி நின்றது. அதன் பெருங்கோபுரத்தின் உச்சிக்கே, தரையிலிருந்து ஏறத்தாழ 175 அடி உயரத்துக்கு, 1894-இல் விளக்கை மாற்றிவிட்டார்கள். நீதியின் தலைமேல் ஒளி! இவ்வளவு பொருத்தமான உவமையை எந்தக் கவிஞரும் திட்டமிட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த உவமையைச் சோதிக்கும் ஓர் இரவும் வந்தது.

1914 செப்டம்பர் 22. முதல் உலகப்போர் தொடங்கி இரு திங்கள்கூட ஆகவில்லை. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இருளில் சென்னையை நெருங்கியது. நகரில் விளக்குகள் அணைக்கப்படவில்லை. கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் சுழன்றுகொண்டிருந்தது. கேப்டன் வான் முல்லருக்குத் தாம் நிற்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தது அந்த ஒளியே. ஏறத்தாழ 130 குண்டுகள் பாய்ந்தன. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றின. குறைந்தது ஐவர் மாண்டனர். ஒரு குண்டு நீதிமன்ற மதிலையும் தாக்கியது. அவ்விடத்தில் இன்றும் நினைவுக்கல் உண்டு. அதைப் படமெடுக்கும்போது நம் கை சற்றுத் தயங்கியது. வருபவர் நண்பரா பகைவரா என்று விளக்கு கேட்பதில்லை. அப்படிக் கேட்குமானால் அது விளக்காகவும் இராது. எனினும் அன்றிரவு உயிர்நீத்த மாலுமிகளின் வீட்டாரிடம் இதைச் சொல்ல நமக்குத் துணிவு வருமா? மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு ஓடினார்கள். எம்டன் என்ற பெயர் மட்டும், அஞ்சத்தக்க சாமர்த்தியசாலியைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் தங்கிவிட்டது.

எண்பத்து மூன்று ஆண்டுகள் எரிந்தபின், 1977 சனவரியில் விளக்கு மெரினாவின் தென்பகுதிக்கு வந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய முக்கோணக் கோபுரம். மேலே செல்ல மின்தூக்கியும் உண்டு. பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடியிருந்து, 2013 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. பிற்பகலில் மேலேறினோம். தெற்கே சாந்தோம் பேராலயத்தின் வெண்கோபுரம் கைக்கெட்டுவதுபோல் தெரிந்தது.

மேற்கே, கட்டடங்களின் நெருக்கத்தில் கண்ணுக்கு அகப்படாத ஓரிடத்தையும் தேடினோம். மயிலாப்பூரில் நம்மவர் காட்டுக்கோயில் என்றழைக்கும் பிரகாச மாதா ஆலயம் அங்கேதான். கடலில் வழிதவறித் தவித்த போர்த்துக்கீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி தோன்றியதென்றும், அதைப் பின்தொடர்ந்து கரையேறியபோது காட்டினுள் அது மறைந்ததென்றும், மறைந்த இடத்தில் ஆலயம் எழுந்ததென்றும் மரபுரை கூறும். கல்வெட்டு தரும் ஆண்டு 1516. அந்த ஆண்டை ஐயுறும் வரலாற்றாளர் உண்டு. ஆனால் தேங்காயெண்ணெய் விளக்கு ஏறுவதற்கு நெடுநாள் முன்பே, இக்கரையில் ஒளியைக் கண்டு பிழைத்தோம் என்று சொல்லி மக்கள் கோயில் கட்டியிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. போர்த்துக்கீசிய மொழியில் லூஸ் என்றால் ஒளி. லஸ் முனையில் பேருந்துக்குக் காத்திருப்போருள் எத்தனை பேர் இதை நினைக்கிறார்களோ!

மாலையில் கீழே இறங்கி, நொச்சிக்குப்பத்து மணலில் காத்திருந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவரிடம், இக்காலத்தில் கலங்கரை விளக்கம் தேவைதானா என்று கேட்டோம். அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமலே, "ஜி.பி.எஸ். இருக்குதுங்க ஐயா. கரை எங்கேன்னு அது சொல்லிடும். ஆனா விளக்கைக் கண்ணால பார்த்தாத்தான் வீடு வந்துட்டோம்னு இருக்கும்" என்றார்.

இருட்டியது. மேலே விளக்கு சுழலத் தொடங்கியது. பத்து நொடிக்கு இருமுறை மின்னல். முதலில் எடுத்த படங்களில் கோபுரம் இருக்கிறது, ஒளி இல்லை. மின்னுவதற்கு முன்போ பின்போ விரல் அழுத்திவிட்டது. பிறகு கருவியைக் கட்டுமரமொன்றின் விளிம்பில் ஊன்றி, நெடுநேரம் திறந்து வைத்தோம். ஒளி விழுந்தது. கீழே மணலில் குனிந்து வலை பிரித்த முதியவர் மட்டும் அந்தப் படத்தில் நிழல்போல் கலைந்து போயிருக்கிறார்.