பளிங்குச் சுவரும் பட்டா இல்லாத குடிசையும்

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் 1861இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஆலைச் சரக்குக்கு மாற்றாகச் சுவர்த்தாள், திரைச்சீலை, நாற்காலி என எல்லாம் கைவேலையாக வர வேண்டும், செய்பவருக்கு அந்த வேலையில் மகிழ்ச்சி கிடைக்க வேண்டும் என்றார்கள். கலை-கைவினை இயக்கம் என்று பெயர் பெற்றது இதுதான். மாரிஸ் பிறகு சோசலிஸ்ட் ஆனார். ஆனாலும் அந்த அழகு போய்ச் சேர்ந்தது செல்வந்தர் மாளிகைகளுக்குத்தான்.

அந்த முரண் அங்கே வர்க்கம். இங்கே அது சாதியும்கூட.

சென்னையின் தோட்ட பங்களாக்களுக்குப் பெருமை சேர்த்தது 'மெட்ராஸ் சுண்ணாம்பு'. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, சலித்து, அடுக்கடுக்காகப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேரும். வழவழப்பான கல்லால் தேய்க்கத் தேய்க்கச் சுவர் பளிங்காக மின்னும். வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிய சுவர் அது. எண்ணூர், பழவேற்காடு பக்கத்துக் கிளிஞ்சலும் விறகும் கால்வாய்ப் படகுகளில் சென்னைக்குப் போயின. அந்தக் கால்வாய்க்குத்தான் பிறகு பக்கிங்காம் என்று பெயர் வைத்தார்கள். அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை 1877-78 பஞ்சத்தில் வெட்டியவர்கள், நிவாரணக் கூலிக்கு வந்த பட்டினி மக்கள்.

அப்போது பொன்னேரி, திருவள்ளூர் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதில் அவர் எழுதியது என்ன? சேரி மக்களுக்கு உழ நிலம் இல்லை என்பது மட்டுமல்ல, குடிசை நிற்கும் மண்ணும் சொந்தமில்லை. மிராசுதாரை எதிர்த்தால் வீட்டை விட்டே துரத்தப்படலாம். 1892இல் அரசு ஆணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது.

இதே ஆண்டுகளில்தான் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியில், 1884இல் பொறுப்பேற்ற ஹாவெல் இந்தியக் கைவினையைக் காக்கப் பாடுபட்டார். மரச் செதுக்கு, உலோக வேலை, நெசவு எல்லாம் கலை. சரி. சேறு மிதிப்பதும் சூளை எரிப்பதும் சுண்ணாம்பு இடிப்பதும் என்ன? வெறும் கூலி வேலையா? எது கலை, எது கூலி என்று பிரித்தது திறமை மட்டும்தானா? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே படிவரிசையில் பிரித்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கியதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

இது பழங்கதை இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகும் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

பழைய மாளிகைகளைப் பாதுகாக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் பாதுகாக்க வேண்டிய ஆவணம் வேறு. உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இன்று யார் கையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். சுவரை மினுக்கியவர்களின் வரலாறு அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.