சிறிய இலக்கணம், பலர் கைகள்: டைனி பேசிக் மொழியின் வரலாறு

கணினிக்கு ஆணையிடும் மொழிகளும் மனிதர் ஆக்கியவையே. அவற்றுக்கும் சொற்றொகுதி உண்டு, தொடரமைப்பு உண்டு, பிழையென விலக்கும் விதிகளும் உண்டு. அத்தகைய மொழிகளுள் மிகச் சிறியதொன்றின் வரலாற்றை இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். 1975, 1976 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவான அம்மொழியின் பெயர் டைனி பேசிக். ஒரு மொழியை யார் ஆக்கலாம், யார் திருத்தலாம், அதற்கு யார் விலை கூறலாம் என்னும் வினாக்கள் அதன் பிறப்போடு பிணைந்தவை.

அதன் மூலமொழியாகிய பேசிக், 1964 ஆம் ஆண்டு டார்ட்மத் கல்லூரியில் தோன்றியது. ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவர் அதனை வடிவமைத்தனர். அறிவியல் பயிலாத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். எனினும், அக்காலத்தில் கணினி என்பது ஒரு நிறுவனத்தின் உடைமை. மாணவர் அதனை முறைவைத்துப் பகிர்ந்தே பயன்படுத்தினர்.

1975 ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நிலை மாறத் தொடங்கியது. ஆல்டேர் 8800 என்னும் கணினி, உறுப்புகளை வாங்கித் தாமே பொருத்திக்கொள்ளும் தொகுப்பாக 397 டாலருக்கு அறிமுகமாயிற்று. அதற்கு விசைப்பலகை இல்லை, திரையும் இல்லை. அடிப்படை நினைவகம் 256 பைட் மட்டுமே. இன்றைய யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் இடம்கொள்ளும். ஆகவே அந்நினைவகத்தில் ஒரு குறட்பாவை எழுதிவிடலாம். நாலடி வெண்பா ஒன்று அடங்காது. கூடுதல் நினைவகப் பலகையைத் தனியே விலைகொடுத்து வாங்க வேண்டும்.

இத்தகைய பொறிக்கு ஒரு மொழியைக் கற்பிக்கும் வழிகள் இரண்டு. எழுதிய நிரல் முழுவதையும் முதலிலேயே பொறியின் கட்டளைகளாக மாற்றி வைப்பது ஒன்று. அது கம்பைலர் எனப்படும். ஒவ்வொரு வரியையும் படித்து உடனுக்குடன் நிறைவேற்றுவது மற்றொன்று. அது இன்டர்பிரிட்டர் எனப்படும். முன்னது நூல் முழுவதையும் பெயர்த்து அச்சிடும் மொழிபெயர்ப்பாளரைப் போன்றது. பின்னது மேடையருகே நின்று உரையை அவ்வப்போது பெயர்த்துச் சொல்பவரைப் போன்றது. சிறிய பொறிகளுக்கு இரண்டாம் வழியே ஏற்றதாயிற்று. அதனையும் அசெம்பிளி மொழியில் எழுத வேண்டியிருந்தது. அம்மொழியில் பெரும்பாலும் ஒரு வரி என்பது செயலியின் ஒரு செயல். எழுதுவோர் ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவிட முடியும்.

ஆல்டேருக்கான பேசிக் மொழியை அவ்வாறு எழுதியோர் பில் கேட்ஸ், பால் ஆலன், மான்டி டேவிடாஃப் ஆகிய மூவர். அது விலைக்கு வந்தது. ஆனால் துளையிட்ட தாள்நாடாவில் இருந்த அந்நிரலைப் படியெடுப்பது எளிது. ஆர்வலர் குழுக்களில் படிகள் கைமாறின.

இதே காலத்தில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில் பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி என்னும் அமைப்பு ஒரு செய்தித்தாளை நடத்திவந்தது. பாப் ஆல்பிரெக்ட் அதன் முதன்மைத் தூண். அவர் தூண்டுதலால் டென்னிஸ் ஆலிசன் என்பார், பேசிக் மொழியின் சுருக்கமான இலக்கணம் ஒன்றை வகுத்து அதில் வெளியிட்டார். அவர் நீக்கியவற்றை முதலில் நோக்குவோம். பின்ன எண்கள் இல்லை. 7ஐ 2ஆல் வகுத்தால் விடை 3 மட்டுமே. சொற்களைச் சேமித்துவைக்க இடமில்லை. மாறிகளின் பெயர் ஆங்கில எழுத்துகள் 26இல் ஒன்றாகவே இருக்க வேண்டும். கட்டளைச் சொற்களோ ஒரு டஜனுக்கு மேற்படாதவை. இவ்விலக்கணம் முழுவதும் அச்சில் சிறிதளவு இடத்தில் அடங்கியது.

ஆலிசன் முடித்த பொருளை விற்கவில்லை, செய்முறையை வெளியிட்டார். வாசகர் அதனை ஏற்றுச் செயலில் இறங்கினர். டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரைச் சேர்ந்த டிக் விப்பிள், ஜான் ஆர்னால்டு இருவரும் அவ்விலக்கணத்தை விரித்து, மீள்செயல் கட்டளைகளையும் எண் அணிகளையும் சேர்த்துத் தம் நிரலை அனுப்பினர். இவற்றை வெளியிடுவதற்கென்றே 1976 ஜனவரியில் ஓர் இதழ் தொடங்கியது. அதுவே பின்னாளில் கணினித்துறையில் புகழ்பெற்ற டாக்டர் டாப்ஸ் ஜர்னல்.

அடுத்த மாதம், பிப்ரவரி 3 நாளிட்ட வெளிப்படையான மடலொன்றைக் கேட்ஸ் ஆர்வலர்க்கு எழுதினார். நிரலாக்கத்துக்குச் செலவான கணினி நேரத்தின் மதிப்பு 40,000 டாலரைத் தாண்டியது என்றும், தம் உழைப்புக்குக் கிடைத்த வருவாய் மணிக்கு 2 டாலருக்கும் குறைவு என்றும் அதில் அவர் முறையிட்டார். உழைப்புக்கு ஊதியம் கேட்பதை நாம் குறைகூற இயலாது. நல்ல நிரலை எழுதுவோர் வாழ்வது எவ்வாறு என்னும் அவர் வினா இன்றும் உயிரோடு இருக்கிறது.

அவ்வினாவுக்கு அதே ஆண்டில் இரு விடைகள் கிடைத்தன. முதலாவது, லி-சென் வாங் எழுதிய பாலோ ஆல்டோ டைனி பேசிக். 8080 செயலிக்கான அசெம்பிளி மொழியில் எழுதப்பட்ட அது இரண்டு கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதன் வரிகள் முழுவதும் இதழில் அச்சாயின. பதிப்புரிமை அறிவிப்பு நிற்க வேண்டிய இடத்தில், அவ்வறிவிப்பின் சொற்களையே தலைகீழாக்கி, எவரும் எடுத்தாளலாம் என்னும் பொருள்பட ஒரு சொல்விளையாட்டு இடம்பெற்றது. 1977 ஆம் ஆண்டு கடைகளுக்கு வந்த டிஆர்எஸ்-80 கணினியின் முதல்நிலைப் பேசிக், இந்நிரலை அடியொற்றியே அமைந்தது. இரண்டாவது விடை, டாம் பிட்மன் என்பார் 6800 செயலிக்கு எழுதிய டைனி பேசிக். அதனை அவர் 5 டாலருக்கு விற்றார். படியெடுப்பதைவிட வாங்குவதே எளிது என்னும் நிலையில் மக்கள் விலைகொடுத்து வாங்கினர்.

இவ்விரு விடைகளும் ஒரே இலக்கணத்திலிருந்து கிளைத்தவை என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். இலவசமாக அளித்தவரும் விலைக்கு விற்றவரும் அச்சிட்ட அவ்விலக்கணத்தின் வாசகராகவே தொடங்கினர். மொழி சிறியதாயிருந்தமையால் ஒருவர் தனித்தே அதனை முழுமையாக அறிந்துகொள்ள முடிந்தது. விதிகள் வெளிப்படையாக இருந்தமையால் குறை கண்டவர் தாமே அதனை நிறைவுசெய்ய முடிந்தது. பெரிய மொழிகளில் வல்லமை மிகுதி. ஆயின் தொடக்கநிலை மாணவர் ஒருவர் அவற்றைத் திருத்தியமைப்பது அரிது.

ஆசிரியப் பெருமக்கள் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கணினி மொழியைக் கற்பிக்கையில், அதனைப் பயன்படுத்தும் முறையோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். பத்துச் சொற்களும் ஒரு பக்க இலக்கணமும் கொண்ட சிறுமொழி ஒன்றை மாணவரிடம் தந்து, ஒரு விதியை மாற்றச் சொல்லிப் பார்க்கலாம். கட்டளைச் சொற்களைத் தமிழிலேயே அமைக்கவும் சொல்லலாம். தாம் மாற்றிய விதியால் எத்தொடர் பிழையாகிறது, எத்தொடர் புதிதாகப் பொருள் பெறுகிறது என்பதைக் காணும் மாணவர், இலக்கணம் என்பது என்ன செய்கிறது என்பதையும் உடன் அறிந்துகொள்வர்.