தூரத்தை அருகாக்கிய லென்ஸ்கள்

வட்டக்கச்சிக்கு அருகேயுள்ள இரணைமடுக் குளத்தில் நாரைகள் ஆளரவத்துக்கு எட்டத்தான் நிற்கும். அவற்றைப் படமெடுக்க டெலிபோட்டோ லென்ஸ் வேண்டும். குவியத்தூரம் மாறாத பிரைமா, மாற்றக்கூடிய ஸூமா என்பது பழைய கேள்வி.

லண்டனில் தோமஸ் டால்மையர் 1891இல் டெலிபோட்டோவுக்குக் காப்புரிமை பெற்றார். 35 மி.மீ. கமராக்களுக்கு ஸூம் வந்ததோ 1959இல், வொய்க்லாண்டரின் 'ஸூமார்' வடிவில்.

ஆனாலும் காட்டுயிர்ப் படக்காரர்கள் நெடுங்காலம் பிரைமைக் கைவிடவில்லை. சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தானே ஆக்கிய கமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டு, யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அற்புதமாகப் பதிவு செய்தார்.

பிரைமைக் கைவிடாததற்குக் காரணம் வெளிச்சம்.

விடிகாலையில் எஃப் 2.8 திறப்புள்ள பிரைமில் 1/500 விநாடி போதுமென்றால், எஃப் 5.6 ஸூமுக்கு 1/125 தேவை. அதற்குள் சிறகடிக்கும் நாரை கலங்கிவிடும். பிலிம் சுருளின் உணர்திறனை நடுவில் கூட்டவும் முடியாது. அக்கால ஸூம்களில் கண்ணாடித் துண்டுகள் அதிகம். ஒளி சிதறிக் கூர்மை குறைந்தது.

கண்ணாடிப் பூச்சும் கணினி வடிவமைப்பும் அந்தக் குறையைப் பெரிதும் போக்கின. டிஜிட்டல் கமராவில் உணர்திறனை (ஐஎஸ்ஓ) படத்துக்குப் படம் மாற்றலாம். இன்று நிற்கும் கொக்கையும் எழும் கூட்டத்தையும் கரையில் நின்றபடியே ஒரே ஸூமில் எடுக்கலாம். மங்கல் வெளிச்சத்தில் மட்டும் பிரைமின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது.